ஐந்தாம் வகுப்புச் சொல்

எடையக்காவின் மகள் மூன்றாம் வகுப்பில் செய்த குற்றம் இதுதான்: ஆங்கில டிக்டேஷனில் ஒரு சொல்லைச் சரியாக எழுதிவிட்டாள். அதுவும் தெரியாத்தனமாக இல்லை. பக்கத்திலிருந்தவள் நோட்டைப் பார்த்தும் இல்லை. ஒவ்வொரு எழுத்தும் அதனதன் இடத்தில் நிற்கும்படி, தெரிந்தே எழுதியிருந்தாள். டீச்சர் அதைச் சுற்றிச் சிவப்பு மையில் ஒரு வட்டம் போட்டு, ஓரத்தில் 'சரி. ஆனால் தகுதியில்லை' என்று குறித்து, அடியில் 'பெற்றோர் நேரில் வரவும்' என்று எழுதி அனுப்பியிருந்தார்.

எடையக்கா என்பது லாரிக்காரர்கள் வைத்த பெயர். நெடுஞ்சாலை ஓரத்து எடைமேடையில் கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்திருப்பவள் அவள். லாரி சரக்கோடு ஒரு தடவை மேடையில் ஏறும், இறக்கிவிட்டுக் காலியாக ஒரு தடவை ஏறும். இயந்திரம் காட்டுவதை அவள் சீட்டில் அடித்துக் கொடுப்பாள். 'அக்கா, கொஞ்சம் பார்த்துக் குறைச்சுப் போடுங்க' என்று இளிக்கும் டிரைவர்களிடம் அவள் பேசுவதுகூட இல்லை, சீட்டைக் கிழித்து நீட்டிவிடுவாள். பதினோரு வருடமாக இதுதான் வேலை. சீட்டின் தலைப்பில், கொட்டை எழுத்தில், எடை என்பதற்கான ஆங்கிலச் சொல் இருக்கும்.

பள்ளி விட்டதும் மகள் நேராகக் கூண்டுக்கு வந்துவிடுவாள். ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து ஸ்பெல்லிங் படிப்பாள். எடையக்காவின் ஆங்கிலம் சிமெண்ட் மூட்டையிலும் லாரியின் முதுகிலும் பொறுக்கி எடுத்தது. இருந்தாலும் பிள்ளை கஷ்டப்படுகிறதே என்று ஒரு வழி கண்டுபிடித்திருந்தாள். நோட்டின் வலப்பக்கம் விதிப்படி நடக்கிற சொற்கள், இடப்பக்கம் நடக்காதவை. வலப்பக்கத்துக்கு 'சமத்து' என்று பெயர், இடப்பக்கத்துக்கு 'அடங்காப்பிடாரி'. சமத்துச் சொற்களை விதியைச் சொல்லி எழுதிப் பார்ப்பார்கள். அடங்காப்பிடாரிகளை ஒவ்வொன்றாகப் பிடித்து, இது ஏன் இப்படி முரண்டு பிடிக்கிறது என்று இரண்டு பேரும் சேர்ந்து திட்டுவார்கள். திட்டிய சொல் மறக்கவே மறக்காது. சீட்டுக்குக் காத்திருக்கும் டிரைவர்களும் மூட்டையில் கண்டதைச் சொல்லிவிட்டுப் போவார்கள். நான்கே மாதத்தில் இடப்பக்கம் நிரம்பி வழிந்தது.

இந்த லட்சணத்தில்தான் பள்ளிக்கூடம் அவளைக் கையும் களவுமாகப் பிடித்தது.

வகுப்பு டீச்சர் நல்ல மாதிரி. எடையக்காவை உட்காரச் சொல்லிவிட்டு, கதவைச் சாத்திவிட்டு, குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"தப்பா நினைக்காதீங்க. நாங்க இந்த மாசம்தான் அந்த விதியை நடத்தினோம். 'ஐ' முன்னால, 'ஈ' பின்னால. 'சி'க்கு அப்புறம் வந்தா மட்டும் மாறும். உங்க பொண்ணு 'ஈ'யை முன்னால போட்டுருக்கா."

"அந்தச் சொல்லு அப்படித்தானேங்க? எங்க சீட்டுலயே அப்படித்தான் இருக்கு."

"அப்படித்தான். யார் இல்லைன்னா? ஆனா அது விதிவிலக்கு. விதிவிலக்கு அஞ்சாம் வகுப்புலதான் தருவோம். மூணாம் வகுப்புப் பிள்ளை விதிப்படி தப்பா எழுதினா முழு மார்க்கு. விலக்குப்படி சரியா எழுதினா கேஸு."

எடையக்காவுக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. "கேஸுன்னா?" என்றாள்.

டீச்சர் மாடியைக் கைகாட்டினார். மாடியில் எழுத்து ஒழுங்குப் பிரிவு இருந்தது.

பிரிவில் ஒன்பது இரும்பு அலமாரிகள். ஒவ்வொன்றிலும் வகுப்பு எண். நான்காம் வகுப்பு அலமாரியிலிருந்து பூட்டு. ஐந்தாவதற்கு இரண்டு பூட்டு. ஒன்பதாவதைச் சங்கிலி போட்டுக் கட்டியிருந்தார்கள். அதற்குள் என்ன சொற்கள் இருக்குமோ என்று எடையக்கா கொஞ்சம் பயந்துதான் போனாள். அலமாரிகளுக்கு நடுவே மேஜை போட்டு ஒழுங்கு அலுவலர் அம்மாள் உட்கார்ந்திருந்தார். இடுப்பில் சாவிக்கொத்து.

"உங்க மகள் மேல இருக்கிறது 'முன்கூட்டி அறிதல்'ங்கிற குற்றம். மூணாவது பிரிவு" என்று ஆரம்பித்தார் அவர். "நீங்க கேக்கலாம், தெரிஞ்சதை எழுதினா என்ன தப்புன்னு. எல்லாரும் அதான் கேக்கிறாங்க. விதிங்கிறது பிள்ளைங்களுக்கு. விலக்குங்கிறது தகுதி வந்தவங்களுக்கு. எட்டு வயசுல ஒரு பிள்ளை, 'இந்த விதி எல்லா நேரமும் செல்லாது'ன்னு தெரிஞ்சுக்கிட்டா என்ன ஆகும்? நாளைக்கு வேற விதியைப் பத்தியும் கேக்கும். அப்புறம் நான் எதுக்கு? இந்தச் சாவி எதுக்கு?"

கேட்டுவிட்டு, தானே அதற்குப் பதிலும் சொல்லிவிட்டதைக் கவனிக்காமல் ஒரு படிவத்தை எடுத்தார். படிவத்தில் கேள்வி: 'மேற்படி சொல் குழந்தைக்கு யாரால் வழங்கப்பட்டது?'

"மெஷின்" என்றாள் எடையக்கா.

அலுவலர் 'மெஷின்' என்று எழுதிக்கொண்டார். "அதுக்கும் நோட்டீஸ் போகும்."

பள்ளி விடும் நேரத்தில் எடையக்கா வெளியே வந்தபோது வாசல் போர்டைத் தற்செயலாகப் பார்த்தாள். பள்ளியின் பெயரில் குழந்தைகள் என்பதற்கான ஆங்கிலச் சொல்லின் மேல் கறுப்புத் துணி தொங்கியது. வாட்ச்மேனிடம் கேட்டாள்.

"பன்மைக்குக் கடைசியில 'எஸ்' போடணும்னு ரெண்டாம் வகுப்புல சொல்லிக் குடுத்துருக்காங்கம்மா. இந்தச் சொல்லு அதுக்கு அடங்காதாம். சின்னப் பிள்ளைங்க உள்ள போனதும் தூக்கிடுவேன், வெளிய வரும்போது இறக்கிடுவேன். உயரம் அளக்கிற கம்பத்துலயும் பேப்பர் ஒட்டிருக்கோம்."

"அதுல என்ன?"

"உயரம்ங்கிற சொல்லும் உங்க சொல்லு மாதிரிதான்" என்றார் வாட்ச்மேன் மெதுவாக. "நான் சொன்னேன்னு சொல்லிடாதீங்க."

நோட்டீஸ் நிஜமாகவே போயிற்று. அடுத்த வாரம், லாரிகள் வரிசைகட்டி நின்ற மதியத்தில், ஒழுங்குப் பிரிவின் ஆய்வாளர் பசையும் கறுப்புக் காகிதமுமாக எடைமேடைக்கு வந்து இறங்கினார். கூண்டுக்கு வழி தெரியாமல் மேடைமேலேயே ஏறி நின்றார். இயந்திரம் சிவப்பில் எண்பது காட்டியது. எடையக்கா பழக்கதோஷத்தில் சீட்டு அடித்துக் கிழித்து நீட்டினாள். வாங்கிப் பார்த்த ஆய்வாளர், "இதேதான், இந்தச் சொல்லேதான்" என்று பதறிப்போய், சீட்டுக்கட்டு முழுவதும் தலைப்பின் மேல் காகிதம் ஒட்டத் தொடங்கினார். நூற்றிருபது சீட்டு ஒட்டி முடிப்பதற்குள் வரிசை பெட்ரோல் பங்க் வரைக்கும் நீண்டுவிட்டது.

"என்னக்கா, எடைக்கு இழவு விழுந்துடுச்சா, கறுப்பு ஒட்டிருக்கு?" என்றார் மணல் லாரி டிரைவர்.

"குழந்தை கண்ணுல படக் கூடாதாம்."

"எங்க முதலாளி கண்ணுல படணுமே. தலைப்பு இல்லாத சீட்டை அவரு வாங்க மாட்டாரு."

எடையக்கா ஒவ்வொரு சீட்டாக நகத்தால் சுரண்டிக் கொடுத்தாள். சிரிப்புதான் வந்தது. அந்தக் கட்டம்வரை அவளுக்கு எல்லாமே சிரிப்பாகத்தான் இருந்தது. பிள்ளை மேல் கேஸ் போட்ட பள்ளியைப் பற்றிச் சொன்னால் எந்த டிரைவர்தான் சிரிக்க மாட்டான்?

சிரிப்பு நின்றது ஒரு வெள்ளிக்கிழமை. மகள் ஒரு பாராட்டு அட்டை கொண்டுவந்தாள். தங்க நிற ஓரம் போட்ட அட்டை. 'இந்த வாரம் ஒரு பிழையும் இல்லை.' எடையக்கா பூரித்துப்போய் டிக்டேஷன் நோட்டை வாங்கிப் பிரித்தாள். இருபது எண்கள் வரிசையாக இருந்தன. எண்களுக்கு எதிரே ஒன்றுமே இல்லை. வெள்ளைக் காகிதம். கீழே டீச்சரின் குறிப்பு: 'நல்ல கட்டுப்பாடு.'

"ஏன் கண்ணு எழுதல? பூனை, நாய்கூடவா தெரியல?"

மகள் ஸ்டூலின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "தெரியும்."

"அப்புறம்?"

"எதெல்லாம் எனக்குத் தெரியலாம்னு தெரியலம்மா. அதான் விட்டுட்டேன்."

எடையக்கா சமத்தும் அடங்காப்பிடாரியும் எழுதிய நோட்டை எடுத்து நீட்டினாள். மகள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள். தொடவே மாட்டேன் என்றுவிட்டாள். டிரைவர்கள் வந்து, "பாப்பா, இந்த மூட்டையில என்ன போட்டிருக்கு படி" என்றால், வேறெங்கோ பார்த்தாள். வாய் ஓயாத பிள்ளை அது. இப்போது கூண்டுக்குள் இயந்திரம் முனகுவது மட்டும்தான் கேட்டது.

அடுத்த வாரம் ஒழுங்குப் பிரிவிலிருந்து கடிதமும் வந்தது. 'பெற்றோர், மன்னிப்புக் கமிட்டி முன் ஆஜராகி, அறிந்ததற்கு வருத்தம் தெரிவித்து, தம் கைப்பட ஆங்கிலத்தில் எழுதித் தர வேண்டும். தவறினால் குழந்தை இரண்டாம் வகுப்புக்கு இறக்கப்படும்.'

எடையக்காவின் கணவர் பேக்கரியில் மாவு பிசைபவர். சண்டை சச்சரவு பிடிக்காது. கையில் ஒட்டிய மாவை உருட்டிக்கொண்டே சொன்னார். "எழுதிக் குடுத்துட்டு வந்துடேன். நாலு வரி. ஒரு வருஷம் போயிடுமே அவளுக்கு. கூடப் படிக்கிறதெல்லாம் மேல போகும், இது மட்டும் கீழ உக்காரணுமா?"

அதுதான் எடையக்காவையும் அரித்தது. மானம் அவளுடையது, வருடம் பிள்ளையுடையது. யோசித்து யோசித்து, எழுதிக் கொடுத்துவிடலாம் என்ற முடிவோடுதான் போனாள். இதை மறைத்து அவளை வீராங்கனையாக்குவதில் அர்த்தமில்லை.

கமிட்டி அறையில் நீளமான மேஜை. நடுவில் தலைவர், பக்கத்தில் ஒழுங்கு அலுவலர், அப்புறம் மூன்று உறுப்பினர்கள். தலைவர் முன்னால் ஒரு பித்தளை மணி. தகுதிக்கு மீறிய சொல் அறையில் பேசப்பட்டால் அதை அடிப்பார்களாம். எந்தச் சொல் எந்த வகுப்பு என்று பார்த்துக்கொள்ள, சுவரில் ஒன்பதாம் வகுப்புவரை பட்டியல்கள் மாட்டியிருந்தன.

தலைவர் எழுந்து நின்று பேசினார்.

"அம்மா, எங்களை வில்லன் மாதிரி பாக்காதீங்க. நாங்க பிள்ளைங்களைப் பாதுகாக்கிறோம். இந்தப் பள்ளியில முப்பது வருஷமா ஒரு பிள்ளைகூட வகுப்புக்கு மேல தெரிஞ்சுக்கிட்டதில்லை. அந்தப் பேரை நாங்க காப்பாத்திட்டு வரோம். படிச்சு வெளிய போனவங்களைக் கேட்டுப் பாருங்க. ஒருத்தருக்கும் ஸ்பெல்லிங் வராது. ஆனா எந்த ஸ்பெல்லிங் எப்ப வரக் கூடாதுன்னு அத்தனை பேருக்கும் தெரியும். அதுதான் கல்வி."

உறுப்பினர்கள் மேஜையைத் தட்டினார்கள். ஒழுங்கு அலுவலர் காகிதமும் பேனாவும் நகர்த்தி வைத்தார்.

"எனக்கு இங்கிலீஷ் அவ்வளவா எழுத வராதுங்க" என்றாள் எடையக்கா.

"பரவாயில்லை. 'குடும்பத்தோடு கற்போம்'னு எங்க திட்டம் ஒண்ணு இருக்கு. பதினேழாவது விதிப்படி பிள்ளை உதவலாம்" என்றார் தலைவர் பெருந்தன்மையாக. அந்தத் திட்டத்துக்குப் பரிசுகூட வாங்கியிருந்தார்கள்.

எடையக்கா பேனாவை எடுத்தாள். 'என் மகள்' என்று தொடங்க வேண்டும். மகளுக்கான ஆங்கிலச் சொல்லைக் காதில் விழுகிறபடி வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதினாள். "டி... ஓ... டி..."

பக்கத்தில் நின்ற மகளின் உதடு அசைந்தது. எடையக்கா கடைக்கண்ணால் பார்த்தாள். பிள்ளை பல்லைக் கடித்துக்கொண்டு நின்றது. "ஈ... ஆர்" என்று முடித்தாள்.

"அம்மா, அது அப்படி இல்லம்மா" என்றாள் மகள், அடக்க முடியாமல். மூன்று வாரத்தில் ஸ்பெல்லிங் பற்றி அவள் வாயிலிருந்து வந்த முதல் பேச்சு. "'ஓ' இல்ல, 'ஏ', 'யு'. நடுவுல 'ஜி', 'எச்' வரும். சத்தம் போடாம உக்காந்திருக்கும்."

டிங். "ஆறாம் வகுப்பு" என்றார் ஒழுங்கு அலுவலர்.

மகள் வாயைப் பொத்திக்கொண்டாள். எடையக்கா அடித்துத் திருத்தி எழுதினாள். பிள்ளை வாய் திறந்துவிட்டது. மன்னிப்பாவது கத்தரிக்காயாவது என்று அந்த நொடியில்தான் முடிவு செய்தாள். அடுத்ததாக, தெரிந்த சொல்லையே வேண்டுமென்று தப்பாக எழுதினாள். 'எழுதினாள்' என்பதற்கான ஆங்கிலச் சொல்லை 'ஆர்'-இல் தொடங்கினாள்.

"ஐயோ, அதுக்கு முன்னாடி ஒரு 'டபிள்யூ' இருக்கும்மா."

டிங். "அஞ்சாம் வகுப்பு."

"எனக்குத் தெரியலையே கண்ணு. 'தெரியும்'னு எப்படி எழுதுறது? 'என்'ல ஆரம்பிக்கணுமா?"

"'கே'ல! எத்தனை தடவை சொல்லிருக்கேன்!"

டிங். தலைவர் மணியைக் கீழே வைக்காமல் கையிலேயே பிடித்துக்கொண்டார். மகள் இப்போது வாயைப் பொத்தவில்லை. மேஜையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, எம்பி எம்பிக் காகிதத்தைப் பார்த்தாள். அம்மா ஒரு எழுத்தைத் தவறவிட்டால் இவள் இரண்டு எழுத்து முந்திக்கொண்டு கத்தினாள். எட்டாம் வகுப்புச் சொல் ஒன்று வந்தபோது, ஓரத்து உறுப்பினர், "அட, அது அப்படியா?" என்று குறித்துக்கொண்டதை எடையக்கா தன் கண்ணால் பார்த்தாள்.

கடிதம் முடிந்தது. தலைவர் வாங்கி வாசித்தார். தமிழில் சொன்னால் மூன்றே வரி: 'என் மகளுக்கு அந்தச் சொல் தெரியும். அவள் அதைச் சரியாக எழுதினாள். மறுபடியும் எழுதுவாள்.'

"இது மன்னிப்பு மாதிரி தெரியலையே" என்றார் தலைவர்.

"இல்லீங்க. மன்னிப்பு இல்ல. எழுத்துப் பிழை ஏதாவது இருக்கான்னு பாத்துச் சொல்லுங்க, திருத்தித் தரோம்."

ஐந்து பேரும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தார்கள். காகிதம் கைமாறிக் கைமாறிக் கசங்கியது. பிழை இல்லை. ஒழுங்கு அலுவலர் கடுகடுவென்ற முகத்தோடு 'பெறப்பட்டது' என்று முத்திரை குத்தினார். தலைவர் உட்கார்ந்து தீர்ப்பை எழுதினார்: குழந்தையைத் திங்கட்கிழமை முதல் இரண்டாம் வகுப்பில் உட்கார வைக்க வேண்டும், விதிகளின் வேர் ஆழமாகப் பிடிக்க.

வீட்டில் கணவர் தலையில் கை வைத்துக்கொண்டார். "நான் இதுக்குத்தானே சொன்னேன். ஒரு வருஷம் போச்சே."

"போச்சு" என்றாள் எடையக்கா. "எனக்கும் வயிறு எரியுது. ஆனா உள்ள போய்ப் பாருங்க, என்ன பண்றான்னு."

உள்ளே மகள் தரையில் குப்புறப் படுத்து நோட்டின் இடப்பக்கத்தில் எழுதிக்கொண்டிருந்தாள். கமிட்டி அறையில் மாட்டியிருந்த ஒன்பதாம் வகுப்புப் பட்டியலில் பாதியை மனப்பாடமாகக் கொண்டு வந்துவிட்டாள். கணவர் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, சத்தமில்லாமல் திரும்பி வந்தார்.

கமிட்டி முப்பது வருடப் பெயரைக் காப்பாற்றும் அவசரத்தில் ஒரு விஷயத்தை யோசிக்கவில்லை. மூன்றாம் வகுப்பில் இருந்தவர்களுக்கு விதியாவது தெரியும், கேஸ் என்றால் பயமாவது உண்டு. இரண்டாம் வகுப்பில் நாற்பத்தொரு பிள்ளைகள் இருந்தன. அவற்றுக்கு இரண்டும் கிடையாது. அவற்றின் நடுவில், எட்டாம் வகுப்புச் சொல்லுக்கு மணி வாங்கிய ஒருத்தியைக் கொண்டுபோய், தண்டனை என்ற பெயரில், முதல் பெஞ்சில் உட்கார வைத்துவிட்டார்கள்.

திங்கட்கிழமை டீச்சர் பன்மை நடத்தினார். பாதம் ஒன்று என்றால் இப்படி, இரண்டு என்றால் கடைசியில் 'எஸ்'. முதல் பெஞ்சிலிருந்து ஒரு குரல், "அது அடங்காப்பிடாரி மிஸ்" என்றது. நாற்பத்தொரு பிள்ளைகளும் எட்டிப் பார்த்தன. அடங்காப்பிடாரி என்றால் என்ன என்று தெரிந்துகொள்ளாமல் எந்தப் பிள்ளை சும்மா இருக்கும்? புதன்கிழமை இடைவேளையில் மைதானத்தில் விளையாட ஆளில்லை. எல்லாம் படிக்கட்டில் உட்கார்ந்து சொற்களைத் திட்டிக்கொண்டிருந்தன. வெள்ளிக்கிழமை டிக்டேஷன். மாடியில் ஒழுங்குப் பிரிவில் படிவம் தீர்ந்துபோய், மூன்றாவது பிரிவு நோட்டீஸை வெள்ளைத்தாளில் கையால் எழுதி அனுப்பினார்கள்.

சனிக்கிழமை காலை எடைமேடைக்கு வந்த எடையக்கா, லாரி வரிசைக்கு முன்னால் ஆள் வரிசை ஒன்று நிற்பதைப் பார்த்துத் திகைத்துவிட்டாள். எல்லார் கையிலும் காகிதம். முதலில் நின்றவர் குழாய் வேலைக்காரர், தோளில் ஸ்பேனர் பை. ஊர்ப் பிள்ளைகளையெல்லாம் கெடுத்துவிட்டாள் என்று சண்டைக்கு வந்திருக்கிறார்கள் என்றே அவள் நினைத்தாள். மகளோடு கூண்டுக்குள் போய், உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாள். மகள் பாட்டுக்கு ஸ்டூலில் உட்கார்ந்து பென்சிலைச் சீவிக்கொண்டிருந்தாள்.

"உங்க பொண்ணுதானா அது?" என்றார் குழாய்க்காரர், கண்ணாடி வழியே.

"ஆமாங்க."

"என் பொண்ணு கத்திக்கு முன்னாடி ஒரு 'கே' போட்டுட்டாளாம். நான் வந்து மன்னிப்பு எழுதித் தரணுமாம். அவ போட்டது சரியா, தப்பா? அதை மட்டும் சொல்லுங்க."

"சரிதாங்க."

குழாய்க்காரர் திரும்பி வரிசையைப் பார்த்தார். வரிசை அவரைப் பார்த்தது. பின்னால் இருந்து ஒரு அம்மாள், "என்னோடதையும் கேளுங்க" என்று குரல் கொடுத்தார்.

"அப்ப நான் மன்னிப்பு எழுத மாட்டேன்" என்றார் குழாய்க்காரர். "வேற என்ன எழுதணுமோ அதை எழுதறேன். ஆனா எனக்கு இங்கிலீஷ் வராதேம்மா."

எடையக்கா தாழ்ப்பாளை எடுத்துக் கதவை அகலத் திறந்துவைத்தாள். மகள் ஸ்டூலை விட்டு இறங்கி, அதை அவர் பக்கம் தள்ளினாள்.

"உக்காந்து எழுதுங்க அங்கிள்" என்றாள். "தப்பு வந்தா நான் சொல்றேன்."